சொல்லாத பெயர் – கடிதம்

வணக்கம் சார்,
யூதர்கள் கடவுளின் பெயரை வாயால் சொல்லவே மாட்டார்களாமே, தண்டனை வரும் என்ற பயம்தான் காரணமா? ஒரே கடவுள் என்பவர்களுக்கு எலோஹிம், அதோனாய், எல் ஷத்தாய் என்று எதற்கு இத்தனை பெயர்கள்?
எம்.

அன்புள்ள எம்.,

பயமும் உண்டு, பெயரை வீணாக வழங்காதே என்று பத்துக் கட்டளையிலேயே இருக்கிறது. ஆனால் யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எபிரேய எழுத்துகளாலான அந்தப் பெயர், சுருக்கமாக நான்கெழுத்து, ஒரு காலத்தில் ஒலித்த பெயர்தான். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று எருசலேம் ஆலயத்தில் பிரதான ஆசாரியர் அதைச் சொல்ல, முற்றத்தில் நின்றவர்கள் முகங்குப்புற விழுந்து வணங்கினார்கள் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. கி.பி. 70இல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்ததோடு அதுவும் போயிற்று. இன்று தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, வாசிப்பவர் அந்த இடத்தில் 'அதோனாய்', அதாவது என் ஆண்டவர், என்று வாசிப்பார். சாதாரணப் பேச்சில் அதுகூடக் கிடையாது, 'ஹஷெம்' (அந்தப் பெயர்) என்பதோடு சரி. தமிழ் பைபிளில் 'கர்த்தர்' என்று இருப்பதும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இந்த மரியாதை அன்றாட வேலைக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதுதான் என்னை அசத்துகிறது. எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். 15ஐ 10, 5 என்று எழுதினால் யோத்-ஹே, பெயரின் பாதி வந்துவிடும். அதனால் 9, 6 என்று எழுதுகிறார்கள். தோரா சுருளைக் கையால் எழுதும் சோஃபேர் மற்றச் சொற்களில் பிழை விட்டால் சுரண்டித் திருத்தலாம், பெயரை எழுதிவிட்டால் அழிக்கவே கூடாது, அது தப்பான இடத்தில் விழுந்துவிட்டால் அந்தத் தோலையே ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதுதான். பெயர் உள்ள பழைய தாள்களைக் குப்பையிலும் போட முடியாது, 'கெனிஸா' என்ற சேமிப்பு இடத்தில் சேர்த்து வைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படிச் சேர்ந்ததிலிருந்துதான் 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற யூத அறிஞர் லட்சத்துக்கும் அதிகமான துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். மலபார் கரையில் வியாபாரம் செய்த யூதர்களின் கடிதங்கள்கூட கெய்ரோ கெனிஸாவில் கிடைத்திருக்கின்றன.

அப்புறம், பல பெயர்கள். எலோஹிம் பன்மை வடிவம்தான், ஆனால் ஆதியாகமத்தின் முதல் வரியில் அதோடு வரும் வினை ஒருமை. நீதியாக நடக்கும்போது எலோஹிம், இரக்கம் காட்டும்போது நான்கெழுத்து என்று ரபிகள் (யூத மத அறிஞர்கள்) விளக்கினார்கள், இரண்டும் ஒருவரே. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூதத் தத்துவஞானி இன்னும் கறாராக, மற்றப் பெயர்களெல்லாம் கடவுளுடைய செயல்களிலிருந்து வந்தவை, நான்கெழுத்து ஒன்றுதான் அவரை மட்டுமே குறிப்பது என்றார். கடவுள் இன்னது என்று சொல்லவே முடியாது, இன்னது அல்ல என்றுதான் சொல்லலாம் என்பது அவர் கட்சி. இப்படிப்பட்ட கடவுளின் பெயரை மந்திரமாக நினைத்துத் தாயத்தில் எழுதிக் கொடுத்தவர்கள்மேல் மைமோனிடிஸுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.