தேங்காய் எண்ணெய் மெத்தில் எஸ்டர் வினையை மேசை என்எம்ஆரில் நேரடியாகப் பார்க்கலாமா?

கேள்வி, சுருக்கமாக: காங்கேயத்தில் தேங்காய் எண்ணெயிலிருந்து மெத்தில் எஸ்டர் (எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தினால் வருவது, பயோடீசல்) எடுத்துப் பார்க்கிறோம். லேபில் 60 மெகாஹெர்ட்ஸ் மேசை என்எம்ஆர் (காந்தப் புலத்தில் வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் சிறிய கருவி) இருக்கிறது. பம்ப் வைத்துக் கலவையை அதற்குள் ஓடவிட்டு, வினை எவ்வளவு முடிந்தது என்று பார்க்க முடியுமா?

கருவியால் முடியும்ங்க, இந்த வினைக்குத்தான் சரிப்படாது. எண்ணெயும் மெத்தனாலும் ஒட்டாது. போகப்போகக் கிளிசரினும் தனியாகப் பிரியும். மெல்லிய டியூபில் எண்ணெய் கொஞ்சம், மெத்தனால் கொஞ்சம் என்று மாறி மாறி வந்தால் எந்த ஸ்பெக்ட்ரத்தை நம்புவது? எல்லாம் கரையட்டும் என்று டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்) ஊற்றினால் இன்னும் மோசம். நமக்கு வேண்டிய மெத்தாக்சி பீக் (எஸ்டரில் மெத்தனாலிலிருந்து வந்த பகுதி) 3.66 பிபிஎம்மில் (ஸ்பெக்ட்ரத்தில் பீக் நிற்கும் இடத்தின் அளவு) இருக்கிறது. டிஹெச்எஃப், கிளிசரின் இரண்டுமே அந்தப் பக்கம்தான் வந்து உட்காரும்.

அதனால் சாம்பிள் எடுத்து, கழுவிப் பாருங்க. 100 கிராம் எண்ணெய், 36 மிலி மெத்தனால், 1 கிராம் கேஓஹெச் (வினையை ஓட்டும் காரம்), 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வேகமெல்லாம் முதல் 10 நிமிடத்தில்தான். 1, 3, 5, 10, 20, 40, 60-ஆவது நிமிடங்களில் எடுத்தால் போதும். ஸ்டிர்ரரை நிறுத்தாமல் 2 மிலி உறிஞ்சி, உடனே 1 நார்மல் ஹெச்சிஎல் அமிலம் அரை மிலியில் விடுங்க. காரம் செத்தால்தான் வினை நிற்கும். பிறகு உப்புத்தண்ணியில் இரண்டு தடவை கழுவி, மேலே நிற்கும் எண்ணெய் அடுக்கை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தணும். கழுவுவதில் சோம்பல் கூடாது. மிச்ச மெத்தனால் 3.4-இல் நிற்கும், 60 மெகாஹெர்ட்ஸில் அதற்கும் 3.66-க்கும் இடைவெளி 15 ஹெர்ட்ஸ்தான். அதன் வால் உங்கள் பீக்கில் ஏறிவிடும்.

கெட்டியான எண்ணெயில் பீக் அகலமாகும், பாதிக்குப் பாதி குளோரோஃபார்ம் சேருங்க. லாக்கை (காந்தப் புலம் நகராமல் பிடித்து வைக்கும் சிக்னல்) சாம்பிளிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து எடுக்கும் கருவியென்றால் டியூட்டீரியம் போட்டது வேண்டாம், சாதாரணமானதே போதும். ஆனால் பாட்டில் லேபிளைப் படிங்க. கெடாமலிருக்க எத்தனால் சேர்த்த குளோரோஃபார்ம் நிறைய விற்கிறது. அந்த எத்தனாலின் பீக்கும் 3.7 பக்கம்தான். அமிலீன் சேர்த்ததை வாங்குங்க. வினை செய்யாத எண்ணெயை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: 3.66-இல் எதுவும் இருக்கக் கூடாது.

கணக்கு எளிது. 3.66 பீக்கின் ஏரியாவை 3-ஆல் வகுங்க, 2.3-இல் உள்ள, எண்ணெய்க்கும் எஸ்டருக்கும் பொதுவான சிஹெச்2 பீக்கை 2-ஆல் வகுங்க; முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம். தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு குறைவு என்பதால் 2.0 பக்கம் பெரிய பீக் கிடையாது, 2.3 சுத்தமாகக் கிடைக்கும். சூரியகாந்தி எண்ணெயில் இந்தச் சுகம் இல்லை. 100-க்கு மேல் வந்தால் மெத்தனாலையோ எத்தனாலையோ சந்தேகப்படுங்க. எல்லாச் சாம்பிளிலும் ஒரே மாதிரி குறைவாக வந்தால், ஸ்கேனுக்கு ஸ்கேன் விடும் இடைவெளியைப் பாருங்க. 15 விநாடி விட்டு 8 ஸ்கேன், மொத்தம் 2 நிமிடம்.

பம்ப் வைத்தே பார்க்கணும் என்றால் எல்லாம் கரைந்து நிற்கும், மெதுவான வினையாக எடுங்க. பென்சால்டிஹைடும் அமீனும் நல்ல ஜோடி: 10 பிபிஎம் பீக் இறங்க, 8.3 பக்கம் இமீன் (இரண்டும் சேர்ந்து வரும் பொருள்) ஏறும். நிமிடத்துக்கு 1 மிலிக்கு மேல் ஓட்டாதீங்க. காந்தத்துக்குள் போதுமான நேரம் இருக்காமல் சிக்னல் குறையும்.

யூபிஎஸ் கட்டாயம். நியோடிமியம் காந்தம் 1 டிகிரி மாறினால் புலம் ஏறக்குறைய 0.1% நகரும், அதாவது 1000 பிபிஎம். கரண்ட் போய் வந்தால் சூடு நிலைக்கப் பல மணி நேரம் ஆகலாம். அதன் பிறகு ஷிம் பண்ணிவிட்டுத்தான் (புலத்தைச் சீராக்கிவிட்டுத்தான்) சாம்பிள் போடணும்.