கடலடியில் வாழும் கற்பனை மக்களின் மொழி எப்படி இருக்கலாம்?

கோத்தகிரியிலிருந்து நாவல் எழுதும் நண்பர், தம் கதையில் கடலடியில் வாழும் மக்களுக்கு எத்தகைய மொழியை அமைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். சொற்களைப் புனைவதற்கு முன் ஒலியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வதால், இரு காதுகளையும் அது அநேகமாக ஒரே கணத்தில் எட்டி, எத்திசையிலிருந்து வந்தது என்பதை நம்மைப் போன்ற செவியினருக்கு மறைத்துவிடும். உதகை மூடுபனியில் குரலை மட்டும் கேட்டு ஆளைத் தேடுவதைவிட அது கடினம். ஆகவே பேசுபவர் தாம் இருக்கும் திசையையும் ஆழத்தையும் வினைமுற்றிலேயே விகுதியாகச் சேர்ப்பது பொருத்தமாகும். ப, ட, க போன்ற வல்லின ஒலிகள் வாயில் அடைத்த காற்றைத் திடீரென விடுவிப்பதால் பிறப்பவை என்பதால், நீர் நிறைந்த வாயில் அவை எடுபடா. முனகலும் ஏறியிறங்கும் நெடிய சுருதியும் போதும்.

சிவப்பு ஒளியை நீர் விரைவில் உறிஞ்சிவிடுவதால், ஆழத்தில் வாழ்வோருக்குச் சிவப்பைக் குறிக்கத் தனிச்சொல் தேவைப்படாது. நீரோட்டங்களுக்கோ ஏராளமான சொற்கள் வேண்டும்; நம் நீலகிரித் தோடர்களின் மொழியில் எருமை சார்ந்த சொற்கள் செழித்திருப்பதைக் கவனியுங்கள். எழுத்துமுறை அவசியமில்லை, தோடர் மொழிக்கும் மரபாகத் தனி எழுத்து கிடையாது.