சாப்பாடு சரியில்லை, பரிமாறிய தம்பிக்குச் சந்தோசம் கொடுப்பதா?

கேள்வி: சனி இரவு குடும்பமாக ஐந்து பேர் நல்லூர்ப் பக்கம் ஓர் உணவகத்துக்குப் போனோம். ஓடர் கொடுத்து ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். வந்த ஆட்டிறைச்சிக் கறி ஆறிக் கிடந்தது. பரிமாறிய பொடியன் நல்ல மரியாதை, இரண்டு தரம் வந்து மன்னிப்புக் கேட்டான். பில் 6,490 ரூபா. ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் மகன் 15 வீதம் டிப்ஸ் வைக்கச் சொன்னார். நான் ஒன்றும் வைக்காமல் எழும்பி வந்துவிட்டேன். செய்தது பிழையோ? (கோண்டாவில் வாசகி)

பதில்: 15 வீதம் வைக்கத் தேவையே இல்லை, அம்மா. ஆனால் அந்தத் தம்பியின் கையில் 200 ரூபா கொடுத்திருக்கலாம்.

முதலில் பில்லைப் பாருங்கள். சாப்பாடு 5,000. சேவைக் கட்டணம் 10 வீதம், 500. இரண்டும் சேர்ந்த 5,500க்கு வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதம், 990. வற் அரசாங்கத்துக்குப் போவது. சேவைக் கட்டணம் அப்படியில்லை, அது கடை முதலாளி போடுவது. இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சடிப்பதால் சனம் அதையும் வரி என்றே நினைத்துக் கட்டுகிறது. நேர்மையான கடைகள் அந்தக் காசை மாதம் முடியத் தொழிலாளருக்குப் பங்கிடும். மற்றக் கடைகளில் அது கல்லாவோடு கலந்துவிடும். யாருக்குப் போகிறது என்று பில்லில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? உங்கள் மகன் இருக்கும் ஒன்ராறியோவில் முதலாளி டிப்ஸில் கைவைக்க முடியாதபடி 2016 முதல் சட்டம் இருக்கிறது. இங்கே இலங்கையில் பில்லை வைத்து வாடிக்கையாளர் ஒன்றும் அறியமுடியாது. ஆகவே பரிமாறியவரிடமே மெதுவாகக் கேளுங்கள்: “தம்பி, இந்தப் பத்து வீதம் உங்களுக்கு வருகுதோ?” முகத்திலேயே விடை தெரியும்.

பிழை யாருடையது என்பதைத் தட்டிலேயே பார்க்கலாம். கறியின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, அடியில் கரண்டி விட்டாலும் குளிர்ந்திருந்தால் அது சூடாக்காமல் அனுப்பிய குசினியின் பிழை. மேலே ஆறி, நடுவில் சூடு இருந்தால் தட்டு எடுக்க ஆளில்லாமல் காத்துக் கிடந்திருக்கிறது. அப்போதும் ஒருவர் எத்தனை மேசை பார்க்கிறார் என்று எண்ணிவிட்டுக் கோபப்படுங்கள். தண்ணீர் வைக்காதது, ஓடரை மாறி எழுதியது, கூப்பிட்டும் திரும்பாதது, இவைதான் பரிமாறுகிறவரின் கணக்கு. உங்கள் தம்பியில் இவை ஒன்றும் இல்லை. ஆறிய கறியைத் தொட்டவுடனேயே திருப்பிக் கொடுத்து, சூடாக்கித் தா அல்லது பில்லில் கழி என்று கேட்டிருக்கவேண்டும். பாதி சாப்பிட்ட பிறகு கேட்டால் எடுபடாது.

சேவைக் கட்டணம் போட்ட கடையில் 100 முதல் 300 ரூபா காணும். போடாத கடையில், கவனிப்புத் திருப்தி என்றால், 5 முதல் 10 வீதம். எப்போதும் காசாக, கையிலே கொடுங்கள். காட் மெசினில் சேர்த்துப் போட்டால் அது முதலாளியின் வங்கிக் கணக்குக்குத்தான் முதலில் போகும். வங்கிக் காட்டால் கட்டும்போது மேலதிகமாக 2, 3 வீதம் கேட்டால் கட்டாதீர்கள். அந்தச் செலவை வாடிக்கையாளரின் தலையில் ஏற்றக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. பில்லோடு உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. வாடகை வான் சாரதி “நல்ல கடை ஒன்று இருக்கு” என்று தானாகக் கூட்டிப்போனால் கவனம். சில கடைகள் அவருக்குக் கொமிசன் கொடுக்கும், அதை உங்கள் நண்டுக்கறியின் விலையில் எடுக்கும். குசினிக்கும் பரிமாறுகிறவருக்கும் போகவேண்டிய காசு வாசலிலேயே போய்விடுகிறது. கடையை நீங்களே தெரிவுசெய்யுங்கள். இருக்கமுதல் விலைப்பட்டியலைக் கேட்டு, சேவைக் கட்டணம் உண்டோ என்று பாருங்கள். பட்டியலிலும் இல்லை, சுவரிலும் இல்லை, பில்லில் மட்டும் வந்தால் கழிக்கச் சொல்லுங்கள்.

பார்சலுக்குச் சேவைக் கட்டணம் கிடையாது. மேசையில் இருந்து சாப்பிட்டு மிச்சத்தைக் கட்டினால் அது பார்சல் இல்லை, கட்டணம் உண்டு. மேசையில் சாப்பிட்டுக்கொண்டே வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கு இரண்டு கொத்துரொட்டி தனியாகச் சொன்னால், அந்த இரண்டும் பார்சல். ஒரே பில்லில் போட்டு எல்லாவற்றுக்கும் பத்து வீதம் எடுப்பார்கள். ஓடர் சொல்லும்போதே “பார்சலுக்கு வேற பில்” என்று சொல்லிவிடுங்கள். பெட்டிக்குக் காசு கேட்டால் அது வேறு, கொடுக்கலாம்.

விலைப்பட்டியல் வைக்கவும் கேட்டால் பில் தரவும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி கடைக்காரர் கடமைப்பட்டவர். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். எழுத்து முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். கறி ஆறியது மட்டுமில்லாமல் பழுதாகவும் இருந்திருந்தால் அது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. மிச்சத்தை எறியாமல், பில்லையும் வைத்துக்கொண்டு அன்றைக்கே கூப்பிடுங்கள்.