தில்லியிலிருந்து திண்டுக்கல் எத்தனை மணி நேரம்?

தம்பி, தில்லிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, திண்டுக்கல்லில் அப்பா தனியாக இருக்கிறார், அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று கேட்டிருந்தீர்கள். சென்னைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்று போட்டிருக்கிறதே, அது உண்மையா என்றும்.

உண்மைதான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 1,760 கிலோமீட்டர். டிக்கெட்டில் இருக்கும் நேரம், இங்கே விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை. பறப்பது இரண்டேகால் மணி அளவுதான், மீதி ஓடுபாதைக்கு உருண்டு போவதும் வரிசையில் நிற்பதும். இதே சென்னை ரயிலில் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் கணக்கு. எதில் போனாலும் பாதி வழி நாக்பூர்தான். நான் வந்த புதிதில், ஆரஞ்சு விற்பவர் பெட்டிக்குள் ஏறினால்தான் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டோம் என்று தோன்றும்.

ஆனால் உங்களுக்குச் சென்னை எதற்கு? மதுரைக்குப் பாருங்கள். சுமார் 2,080 கிலோமீட்டர், நேர் விமானம் அமைந்தால் மூன்றேகால் மணி. அதையும் வாசலிலிருந்து வாசல் வரை எண்ண வேண்டும். காலை 7 மணி விமானத்துக்கு நான் மயூர் விஹாரில் 4 மணிக்கே கிளம்புவேன். அந்நேரத்தில் மெட்ரோ ஓடாது, டாக்ஸிதான். மதுரையில் இறங்கி, பெட்டி வாங்கி, திண்டுக்கல் போய்ச் சேரப் பன்னிரண்டு ஆகிவிடும். ஆக எட்டு மணி நேரம், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பார்க்காமல் வண்டி ஏறாதீர்கள். ஒன்றும் மூன்றும் வேறு வேறு மெட்ரோ பாதையில் இருக்கின்றன.

ஜனவரியில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பொங்கலும் தில்லி மூடுபனியும் ஒரே சமயத்தில் வருவது நம் தலையெழுத்து. ஒரு வருடம் போகிக்கு முதல் நாள் காலை 6 மணி விமானம். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விமானத்தின் வால்கூடத் தெரியவில்லை. கிளம்பும்போது பதினொன்றரை. சென்னையில் பிடிக்க வேண்டிய மதுரை விமானம் போயே போய்விட்டது. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தேன், அந்தப் பணமும் போயிற்று. பண்டிகைக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் பிடித்து வீட்டுக்குப் போனபோது, அம்மா வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து, விமானம் மாறிப் போவதென்றால் இரண்டுக்கும் ஒரே பிஎன்ஆர், அதாவது ஒரே முன்பதிவுதான், ஜனவரியில் மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானம்தான்.

திரும்பி வரும்போது அப்பா கொப்பரைத் தேங்காய் கட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் என்று விமானத்தில் விடமாட்டார்கள். என் பையிலிருந்து இரண்டு முறை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டில் யாராவது ஒருவருடைய போன் நம்பரை இன்றைக்கே வாங்கி வையுங்கள். ஒரு சாவியும் அவர்களிடம் இருக்கட்டும். நீங்கள் வந்து சேரும் அந்த எட்டு மணி நேரத்துக்கு அப்பாவுக்கு அவர்கள்தான்.