சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும்

அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்குத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கிடைத்ததில் எனக்கும் பெரிய மகிழ்ச்சி. அதற்காகச் சங்கிலியை அடகு வைத்துப் புதிய மடிக்கணினி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் கணினியைக் கொஞ்சம் சீர்செய்தால் முதல் இரண்டு வருடங்களை அது தாங்கும். திருத்தும் கடையில், “இதற்கு விண்டோஸ் 11 ஏறாது, இனி எதற்கும் உதவாது” என்று சொன்னார்களாம். முதற்பாதி உண்மை. மறுபாதியை நம்பாதீர்கள்.

2015 இல் வந்த விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு அறிவித்தது. விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் உங்கள் கணினியில் தாராளமாக இருக்கின்றன. தடுப்பது கணினியின் மூளையான செயலி (புரொசசர்). நீங்கள் அனுப்பிய படத்தில், விசைப்பலகைக்குக் கீழே ஒட்டியிருக்கும் வில்லையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; ஐ5 வகை. நீங்கள் எழுதிய மாதிரி இலக்கம் 6200யூ. இந்த வகை நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம்தான் தலைமுறையைக் காட்டும். உங்களுடையது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 ஏறும் செயலிகள் என்று மைக்ரோசொப்ட் தரும் பட்டியலோ, உங்களுடையது போன்ற இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, 2017 இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. இதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கட்டாயம். வட்டில் உள்ளவற்றைப் பூட்டிவைக்கும் சாவியை வன்பொருளிலேயே காப்பது அதன் வேலை. அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நன்றாக வேலை செய்யும் கணினியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கும் நிலைக்குத் தள்ளுவது, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

பட்டியலில் இல்லாத கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். ஏறும். ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்டே சொல்லியிருக்கிறது.

அதைவிட லினக்ஸ் மின்டைப் போடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும், லினக்ஸ் வகை மென்பொருள் அது. இலவசம், 2 ஜிபி நினைவகமே குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி. உடனே நிறுவவும் வேண்டியதில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அதை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம். உள்ளே இருக்கும் எதையும் தொடாமல் வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மகளே ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடுவாள். கடைக்காரரிடம் கொடுக்காமல் அவளையே செய்யவிடுங்கள், அதுவும் படிப்புத்தான். பிடித்துப்போனால், நிறுவுவதற்கு முன் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறு வட்டில் பிரதி எடுத்தே ஆக வேண்டும்.

பணம் செலவழிப்பதானால் ஒரேயொரு பொருளுக்குச் செலவழியுங்கள். பழைய சுழலும் வன்தட்டைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பு வட்டான எஸ்எஸ்டி போடுங்கள். கணினி திறக்க நீண்ட நேரம் எடுக்கிறது என்று நீங்கள் சொன்ன குறையில் பெரும்பகுதி அந்த வன்தட்டினால் வருவது. உப்புவெளியில் கடலை அண்டிய வீடு என்பதால், மூடியைத் திறக்கும்போதே நினைவகம் செருகும் இடத்தில் உப்புக் காற்றால் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வேலை வாய்ப்பு. “விண்டோஸ் தெரியாமல் போனால் யார் வேலை கொடுப்பார்கள்” என்ற உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. மகள் விண்டோஸை மறந்துவிடப் போவதில்லை. வளாகத்தின் ஆய்வுகூடத்திலும் நண்பர்களிடமும் அது இருக்கும். மென்பொருள் துறை அவளிடம் எதிர்பார்க்கப்போவது வேறு. இணையச் சேவையகங்களில் மிகப் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. அண்ட்ராய்ட் தொலைபேசியின் உட்கருவும் லினக்ஸ்தான். உலகின் அதிவேகமான முதல் 500 மீகணினிகளும் (சூப்பர் கம்ப்யூட்டர்) 2017 நவம்பர் பட்டியலிலிருந்து முழுக்க லினக்ஸே. உயர்தரத்தில் அவள் படித்த பைதன் நிரல்மொழியும் தரவுத்தளத்துக்கான எஸ்கியூஎல்லும் அதில் தடையில்லாமல் ஓடும்.

நம் நாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் சுனாமி நம் கரையையும் அடித்துப் போனபோது, காணாமற்போனோரைத் தேடவும் நிவாரண முகாம்களை ஒருங்கிணைக்கவும் இலங்கைத் தொழில்நுட்பவியலாளர்கள் தன்னார்வமாகச் சேர்ந்து ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் ஆகிய இலவசக் கருவிகளால் ஆனது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அங்கும் பயன்பட்டது. அதை எழுத உதவிய கருவிகள் எல்லாம் இன்றும் உங்கள் மகளின் பழைய கணினியில் ஒரு ரூபாய் செலவில்லாமல் ஏறும்.

எல்லோருக்கும் இதே பதிலைச் சொல்லமாட்டேன். கட்டடக்கலையோ வரைகலை வடிவமைப்போ படிக்கப் போகிறாள் என்றால், ஆட்டோகாட்டும் ஃபோட்டோஷொப்பும் லினக்ஸுக்கென்று வெளிவருவதில்லை. அங்கே விண்டோஸ் கணினி வாங்கத்தான் சொல்லியிருப்பேன்.

கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணா பழைய மக்புக் ஒன்றை அனுப்பலாம் என்றாராம். அதன் செயலி எந்தச் சில்லு என்று முதலில் கேளுங்கள். 2020 நவம்பரில் வந்த எம்1 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இன்டெல் சில்லு என்றால் யோசியுங்கள்: மக்புக்கை இயக்கும் மென்பொருளில், 2025 இல் வந்த மக்ஓஎஸ் டஹோவே இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது, அதுவும் எல்லா இன்டெல் மாதிரிகளுக்கும் ஏறாது.

மூன்றாம் வருடம் செயற்றிட்ட வேலை கனக்கும்போது புதிய கணினி தேவைப்படலாம். அப்போது 16 ஜிபி நினைவகத்துக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கணினி என்று பெட்டியில் ஒட்டியிருப்பதற்காக மேலதிகப் பணம் கொடுக்கவும் வேண்டாம். அவளுடைய விரிவுரையாளரிடம் என்ன மென்பொருள் தேவைப்படும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.