வேதியியல் தெரியும், ரியாக்டர்தான் ஓடவில்லை!

கேள்வி: வேதியியல் எனக்குப் பிடித்த பாடம். அந்தத் தைரியத்தில் ‘ஸ்பேஸ்கெம்’ என்ற கணினிப் புதிர் விளையாட்டை ஆட ஆரம்பித்தேன். முதல் மூலக்கூறு ஒழுங்காக வெளியே போகிறது. மூன்றாவது, நான்காவது வரும்போது அணுக்கள் மோதி எல்லாம் நின்றுவிடுகிறது. பாடத்தில் எதைத் திரும்பப் படிக்க வேண்டும்? இதைவிட எளிதாக ஏதாவது உண்டா?

பதில்: பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். 2011-இல் வெளிவந்த ஸ்பேஸ்கெம்மில் வேதியியல் என்று இருப்பது பெரும்பாலும் இணைதிறன்தான், அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்பு தாங்கும் என்பது: ஹைட்ரஜனுக்கு 1, ஆக்சிஜனுக்கு 2, கார்பனுக்கு 4. மீதியெல்லாம் நேரக்கணக்கு. ரியாக்டர் எனும் 10 × 8 கட்டங்களுக்குள் சிவப்பு, நீலம் என இரண்டு வால்டோக்களை (பாதையில் வைத்த கட்டளைகளின்படி அணுக்களைத் தூக்கிச் செல்லும் இயந்திரக் கைகளை) ஓட்டுவது நிரல் எழுதுவதற்குத்தான் நெருங்கிய சொந்தம்.

முதல் சுற்று ஓடி அடுத்த சுற்றுகளில் இடித்தால், முந்தைய சுற்று எதையோ மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. முதலில், புதிய அணுவை உள்ளே அழைக்கும் ‘இன்’ கட்டளையைச் சந்தேகப்படுங்கள். பழைய அணுவை அப்புறப்படுத்தாமல் புதியதை அழைத்தால் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழும். அங்கே தவறில்லை என்றால் சுற்றின் நீளத்தைப் பாருங்கள். சிவப்பின் சுற்று 18 சைக்கிள் (ஆட்டத்தின் நேர அலகு), நீலத்தின் சுற்று 20 என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 2 சைக்கிள் விலகும். மூன்றாம் சுற்றின் முடிவில் வித்தியாசம் 6. உங்கள் சிக்கல் அநேகமாக இதுதான்.

இதற்கு மருந்து ‘சிங்க்’ கட்டளை. இரண்டும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இரண்டு பாதையிலும் ஆளுக்கொன்று வையுங்கள். முதலில் வருவது மற்றதற்காகக் காத்திருக்கும். ஒரு பாதையில் மட்டும் வைத்தால் அந்த வால்டோ நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு சுற்றில் சிவப்பு இரண்டு சிங்க்கைக் கடந்தால் நீலமும் இரண்டைக் கடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜோடி மாறிப்போகும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இன்னொரு பொறி, அணுக்களைப் பிணைக்கும் ‘பாண்ட் பிளஸ்’ கட்டளை. எந்த வால்டோ அதை மிதித்தாலும் ரியாக்டரில் உள்ள எல்லாப் பிணைப்பான்களும் (அணுக்களை ஒட்டவைக்கும் கட்டங்கள்) ஒரே நேரத்தில் இயங்கும். சும்மா நிறுத்தி வைத்த அணுகூட ஒட்டிக்கொள்ளும். ஆகவே காத்திருக்கும் அணுவைப் பிணைப்பான்மேல் நிறுத்தாதீர்கள். ஒரு தடவை மிதித்தால் ஒரு பிணைப்புதான் சேரும் என்பதால், இரட்டைப் பிணைப்புள்ள ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு தடவை வேண்டும். நீளமான மூலக்கூறைச் சுழற்றும்போது நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்தால் பாதி இடம் போதும்.

அடுத்த புதிரைச் சிவப்பை மட்டும் வைத்து முடித்துப் பாருங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் ஒரே வால்டோ தன்னோடு தானே நேரம் தவறாது. அது ஓடிய பிறகு, அணுவை எடுத்துவரும் வேலையை மட்டும் நீலத்துக்குக் கொடுங்கள். முடிவில் மற்ற ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டுக் காட்டும் வரைபடத்தைக் கொஞ்ச நாளைக்குக் கண்டுகொள்ள வேண்டாம்.

எளிதானது கேட்டீர்கள். ‘சோகோபாண்ட்’ (2013) விளையாட்டில் கடிகாரமே இல்லை. ஓர் அணுவை நகர்த்துகிறீர்கள். இன்னும் பிணையாத எலக்ட்ரான் உள்ள இரண்டு அணுக்கள் பக்கத்தில் வந்தால் தாமாகவே பிணையும். தவறினால் பின்வாங்கலாம். ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டால் நீராக முடிந்துபோய், கார்பன் அநாதையாக நிற்கும். அதனால் கூடுமானவரை கார்பனையும் நைட்ரஜனையும் முதலில் சேர்த்துவிட்டு, ஹைட்ரஜனைக் கடைசிக்கு வையுங்கள். மீத்தேன் அங்கே தட்டையான கூட்டல் குறிபோல இருப்பதைப் பார்த்துப் பாடத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். நிஜத்தில் அது நான்முகி, கோணம் 109.5 டிகிரி.

இயந்திரம் கட்டும் சுகம்தான் வேண்டும் என்றால் ‘ஓபஸ் மேக்னம்’ (2017). அது ரசவாதம், வேதியியல் இல்லை. ஆனால் எல்லா இயந்திரக் கைகளும் ஒரே நீளச் சுற்றில் ஓடுவதால், உங்களைப் படுத்தும் அந்த 18-க்கு 20 தகராறு அங்கே வராது. இடத்துக்கும் நெருக்கடி இல்லை.

நிஜ அறிவியலே வேண்டுமா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபோல்டிட்’ இலவசம். புரதச் சங்கிலியை மடிக்கும் புதிர் அது. குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸின் நொதி அமைப்பு பத்தாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. அதை அவிழ்க்க உதவிய மாதிரியை ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். 2011-இல் அது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. அங்கே நேரக்கணக்கு கிடையாது. புரதச் சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் நீளும் பக்கச் சங்கிலிகள் ஒன்றையொன்று இடித்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.