பொண்ணு ஓபரா சிங்கர் ஆகணும்னு சொல்றா, விடலாமா?

வணக்கம்மா. நீங்க எழுதினத முழுசா படிச்சேன். பொண்ணுக்கு 17 வயசு, மூணு வருஷமா வெஸ்டர்ன் கிளாசிக்கல் வாய்ஸ் கத்துக்கிறா, இப்போ ஓபராதான், அதாவது மேடையில பாட்டாவே நடிக்கிற மேற்கத்திய இசை நாடகம்தான், படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, நீங்க கேக்கறது ஒரே கேள்வி, இத வெச்சு பொழைக்க முடியுமா. முடியும்மா. ஆனா 30 வயசு வரைக்கும் நிலையான வருமானம் இருக்காதுன்னு வெச்சுக்கிட்டுதான் நீங்க பிளான் போடணும். இதுல ஜெயிப்பாளா மாட்டாளான்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது, அப்படி சொல்றவங்கள நம்பவும் வேண்டாம்.

ஏன் 30ன்னு சொல்றேன்னா, இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஓபராவுல மைக் கிடையாது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுல கிட்டத்தட்ட 3,800 சீட், முன்னாடி குழியில ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்குது, அதையும் தாண்டி கடைசி வரிசைக்கு வெறும் குரல் போய் சேரணும். கத்தி பாடினா அது நடக்காது. ஆர்கெஸ்ட்ராவோட சத்தம் 500 ஹெர்ட்ஸ் பக்கத்துல ரொம்ப பலமா இருக்கும், அதிர்வெண் மேல போகப்போக குறைஞ்சிடும், பயிற்சி எடுத்த குரல்ல, முக்கியமா ஆண் குரல்கள்ல, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தனி பலம் வரும், அந்த இடைவெளியிலதான் குரல் புகுந்து வெளிய வருது. பொம்பளைங்க மேல் ஸ்தாயில பாடும்போது வாயையும் தொண்டையையும் சுருதிக்கு ஏத்த மாதிரி திறந்து வெச்சு அந்த பலத்த கொண்டு வருவாங்க. இது வர வருஷக்கணக்காகும், கனமான குரலா இருந்தா இன்னும் லேட்டாகும்.

அதனாலதான் நீங்க போகிற போக்குல எழுதின ஒரு வரி எனக்கு கவலையா இருக்கு. டீச்சர் அவளுக்கு புச்சினியோட டூராண்டாட் ஓபராவுல கதாநாயகி டூராண்டாட் பாடற பெரிய ஆரியாவ (தனிப்பாட்ட) குடுத்திருக்காங்கன்னு சொன்னீங்க இல்லையா, அது நல்ல அனுபவம் இருக்கிற டிராமாடிக் சோப்ரானோக்களே, அதாவது கனமான குரல்ல மேல் ஸ்தாயி பாடற பாடகிகளே, யோசிச்சு தொடற ரோல்மா. 17 வயசுல பாட வேண்டியது பழைய இத்தாலியன் பாட்டு, ஹேண்டல், மோட்ஸார்ட்ல சின்ன ரோல்கள், இந்த மாதிரி. கைதட்டலுக்காக பெரிய ஆரியா பாட வெக்கிற டீச்சர்கிட்ட இருந்து புள்ளைய நகத்துங்க, இத நான் தயங்காம சொல்றேன்.

பெரிய குரலுக்கு அவசரம் கூடாதுன்னு ரெண்டு பேரு கதை சொல்றேன். நார்வே நாட்டு சோப்ரானோ கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் 1935ல மெட்ரோபாலிட்டன்ல முதல் தடவ பாடும்போது அவங்களுக்கு 39 வயசு. அமெரிக்க சோப்ரானோ ஜெஸ்ஸி நார்மன் இன்னும் நல்ல உதாரணம், 1969ல பெர்லின்ல அறிமுகமாகி நல்லா பேர் வாங்கின அப்புறமும், 70கள் நடுவுல குரல் இன்னும் பக்குவப்படட்டும்னு ஓபரா மேடைய விட்டு சில வருஷம் ஒதுங்கி, கச்சேரி மட்டும் பாடிட்டு, 1980ல ஹாம்பர்க்ல திரும்ப வந்தாங்க. அந்த பொறுமைதான் அவங்க குரல அவ்ளோ காலம் காப்பாத்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

படிப்புன்னு பாத்தா டிகிரி நாலு வருஷம், மாஸ்டர்ஸ் ரெண்டு, அப்புறம் ஒரு தியேட்டரோட ஓபரா ஸ்டூடியோவுலயோ யங் ஆர்டிஸ்ட் ப்ரோகிராம்லயோ (புது சிங்கர்களுக்கு தியேட்டரே குடுக்கிற பயிற்சி) ஒண்ணு ரெண்டு வருஷம், ஆக 26 ஈஸியா வந்துடும். ஃபீஸ பாத்து பயந்துடாதீங்க, அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல இருக்கிற கர்டிஸ் மியூசிக் காலேஜ்ல 1928ல இருந்தே டியூஷன் ஃபீஸ் கிடையாது, ஆனா சீட் ரொம்ப கம்மி, ஜெர்மனியில அரசு மியூசிக் காலேஜ்கள் பெரும்பாலும் ஃபீஸ் வாங்கறதில்ல, தங்கற சாப்பிடற செலவுதான். கடன் வாங்கி படிக்க வேண்டிய காலேஜ்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன், 20கள்ல மாசா மாசம் இஎம்ஐ கட்டற தொழில் இது இல்ல.

இப்போ வருமானம். ரெண்டு வழி இருக்கு. ஜெர்மனியில அரசு பணத்துல நடக்கிற ஓபரா தியேட்டர் மட்டும் 80 வாக்குல இருக்கு, அங்க என்செம்பிள்ல, அதாவது தியேட்டரோட நிரந்தர சிங்கர் குழுவுல, சேந்தா மாச சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு, சின்ன ரோல் பெரிய ரோல் எது குடுத்தாலும் பாடணும், கான்ட்ராக்ட் சீசன் சீசனாதான் நீளும். இன்னொண்ணு ஃப்ரீலான்ஸ். அதுல பெரும்பாலும் ஷோவுக்கு இவ்ளோன்னுதான் காசு, ஆறு வாரம் ரிகர்சல் பண்ணிட்டு முதல் ஷோ அன்னைக்கு தொண்டை கட்டிக்கிச்சுன்னா அந்த ஷோவோட பணம் போச்சு, ஏஜென்ட்டுக்கு 10 சதவீதமோ அதுக்கு மேலயோ, டிக்கெட் ரூம் செலவு பல நேரம் கைக்காசு. 2020 மார்ச்ல தியேட்டரெல்லாம் மூடினப்போ கையெழுத்து போட்ட கான்ட்ராக்ட் இருந்தும் நிறைய பேருக்கு பைசா வரல.

மூணாவதா ஒண்ணு இருக்கு, யாரும் புள்ளைங்ககிட்ட சொல்றதில்ல, ஓபரா கோரஸ், அதாவது மேடையில கூட்டமா சேந்து பாடற குழு. ஃபுல் டைம் வேலை, சம்பளம், பென்ஷன், ஒரே ஊர்ல குடும்பத்தோட இருக்கலாம். அத தோத்தவங்க போற இடம்னு அவகிட்ட யாராவது சொன்னா அவங்களுக்கு விஷயம் தெரியலன்னு அர்த்தம்.

ஆடிஷன் எப்படி இருக்கும்னு அவ தெரிஞ்சுக்கட்டும். அஞ்சு ஆரியா ரெடியா இருக்கணும், மூணு நாலு மொழியில, முதல் பாட்டு அவ சாய்ஸ், ரெண்டாவது எதிர்ல உக்காந்திருக்கறவங்க கேப்பாங்க, பியானோ வாசிக்கறவர அப்போதான் முதல் தடவ பாக்கறா, அவர்கிட்ட டெம்போவ (பாட்டோட வேகத்த) ரெண்டு வரி சன்னமான குரல்ல பாடி காட்டணும், மொத்தம் பத்து நிமிஷம், தேங்க்யூ சொல்லி அனுப்பிடுவாங்க, பதில் வாரக்கணக்கா வராது. சில நாள் காலையில ஃபோன் வரும், வேற ஊர்ல ஒரு சிங்கருக்கு காய்ச்சல், இன்னைக்கு ராத்திரி நீ பாடணும்னு, ட்ரெயின்ல உக்காந்து அந்த ப்ரொடக்‌ஷனோட வீடியோவ பாத்து எந்த கதவு வழியா உள்ள வரணும்னு மனப்பாடம் பண்ணிட்டு போய் பாடணும், பல பேருக்கு வாழ்க்கைய திறந்து விட்டது அப்படி ஒரு ராத்திரிதான். இத கேட்டு அவ கண்ணு விரியுதா முகம் வாடுதான்னு பக்கத்துல இருந்து கவனிங்கம்மா, அது எந்த ஆப்டிட்யூட் டெஸ்ட்டையும் விட எனக்கு உபயோகமான தகவல்.

இந்த ஒரு வருஷம் பண்ண வேண்டியது: இத்தாலியனும் ஜெர்மனும் முறையா ஆரம்பிக்கட்டும், பியானோ வாசிக்க தெரியலன்னா உடனே சேத்து விடுங்க, காலேஜ்ல சைட் ரீடிங் (நோட்ஸ பாத்த உடனே பாடறது) கேப்பாங்க. குரல் நாண்கள பாக்கற ஈஎன்டி டாக்டர்கிட்ட ஸ்ட்ரோபோஸ்கோப்பி (நாண்கள் அதிர்றத வீடியோவா பாக்கற டெஸ்ட்) ஒரு தடவ எடுத்து வெச்சுக்கோங்க, நல்லா இருக்கும்போது எப்படி இருந்துச்சுன்னு ரெக்கார்ட் இருந்தாதான் நாளைக்கு பிரச்சனை வந்தா ஒப்பிட முடியும். ஷோ சமயத்துல ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைய டாக்டர கேக்காம போட வேண்டாம், நாண்ல ரத்தக்கசிவு வர ரிஸ்க் கூடும்.

அடுத்த தடவ பேசும்போது அவளையும் கூட்டிட்டு வாங்க. அவ பாடின ரெண்டு ரெக்கார்டிங், எடிட் பண்ணாதது, எனக்கு அனுப்புங்க, வேற ஒரு வாய்ஸ் டீச்சர்கிட்ட காட்டி கருத்து கேக்கறேன், அதுக்கப்புறம் எந்தெந்த காலேஜுக்கு அப்ளை பண்ணலாம்னு மூணு பேருமா உக்காந்து லிஸ்ட் போடலாம். டூராண்டாட்ட மட்டும் இன்னையோட நிறுத்த சொல்லுங்கம்மா.